தூங்கும் விலங்கை எழுப்பாமல் படமெடுக்க: குளிர்காலப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடாது, பறக்காது, முறைக்கவும் செய்யாது. மாதக்கணக்கில் சுருண்டு கிடக்கும் ஒரு விலங்கைப் படமெடுப்பதில் அப்படி என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். சிரமம் நமக்கு இல்லை, அந்த விலங்குக்குத்தான். இலையுதிர் காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு வசந்தம் வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். நடுவில் நம்மால் ஒருமுறை எழுந்தாலும் அதற்குக் கணக்கு இடிக்கும்.

அதனால் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். எதை உறங்கும்போதே எடுக்கலாம், எதை உறங்கப் போகும் முன்போ எழுந்து வந்த பின்போ மட்டும் எடுக்கலாம், எதன் பக்கமே போகக் கூடாது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தொழில்நுட்பம்தான். என்னைக் கேட்டால், குளிர்கால உறக்கத்தைப் பற்றிய நல்ல படங்களில் பெரும்பாலானவற்றில் உறங்கும் விலங்கே இருக்காது.

படி 1: அது எப்படித் தூங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாம் ஒரே மாதிரி தூங்குவதில்லை. முள்ளெலியின் இதயம் விழித்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 190 முறை துடிக்கும். குளிர்கால உறக்கத்தில் அது 20 வரை இறங்கிவிடும். ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் வரை போகும், ஆனாலும் இரத்தம் உறையாது. வட அமெரிக்காவின் மரத் தவளை இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சருகுக்கு அடியில் கிடக்கும் அதன் உடல் நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும், இதயமும் நின்றுபோகும். குளிர் விட்டதும் உருகி எழுந்து, குளத்தின் ஓரத்தில் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போதே துணை தேடிக் கத்தத் தொடங்கிவிடும்.

கரடியின் கதை வேறு. கருங்கரடியின் உடல் வெப்பம் சில டிகிரிதான் குறையும். அதனால் சத்தம் கேட்டாலோ வாடை பட்டாலோ மற்ற உறங்கிகளைவிடச் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பெண் கரடி குட்டி போடுவதும் இந்தப் பதுங்குகுழிக்குள்தான், நடுக்குளிர்காலத்தில். தாய் மிரண்டு ஓடிவிட்டால் அரைக் கிலோகூட இல்லாத குட்டிகள் குளிரில் கிடக்கும். ஓடாமல் நம்மைப் பார்த்து வந்துவிட்டால் நம் கதி வேறு மாதிரி ஆகிவிடும்.

வௌவாலிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து அது சட்டென்று எழுவதில்லை. உடலைச் சூடாக்கிக்கொள்ள நேரம் பிடிக்கும். மனிதர் வந்துபோன குகைகளைக் கவனித்த ஆய்வில், யாரும் தொடாத வௌவால்களிடமும் அரை மணி நேரத்துக்குள் நடமாட்டம் கூடத் தொடங்கி, பல மணி நேரம் அது நீடித்திருக்கிறது. ‘நான் இருந்த வரைக்கும் ஒன்றுகூட அசையவில்லை’ என்று படமெடுத்தவர் நம்பிக்கையோடு வீடு திரும்பியிருப்பார். அவர் போன பிறகு நடந்ததை அவர் பார்க்க வாய்ப்பில்லை. ஒருமுறை எழுந்து அடங்குவதற்குள் பல வார உறக்கத்துக்கு வேண்டிய கொழுப்பு எரிந்துபோகும்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

உறங்கும் இடத்துக்குப் போகவே கூடாதவை: கரடி, வளைக்குள் இருக்கும் மர்மோட்டும் (அணில் இனத்துப் பெரிய விலங்கு) தரை அணிலும், கூட்டைப் பிரித்தால் மட்டுமே கண்ணில் படும் டார்மவுஸ் என்ற சின்னக் கொறிவிலங்கு, சருகுக் குவியலுக்குள் இருக்கும் முள்ளெலி. பொதுவாக, எதையாவது தோண்டி, நகர்த்தி, பிரித்துத்தான் பார்க்க முடியும் என்றால் அது இந்தப் பட்டியல்தான். விதிவிலக்கு யோசிக்க வேண்டாம்.

அனுமதியோடும் தெரிந்தவரோடும் மட்டும் எடுக்கக்கூடியது வௌவால். பிரிட்டனில் உறங்கும் வௌவாலையும் டார்மவுஸையும் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். உரிமம் வைத்திருப்பவர் கணக்கெடுப்புக்குப் போகும்போது கூடவே போவதுதான் வழி. ஒவ்வொரு நாட்டிலும் விதி மாறும், ஆகவே போகும் இடத்து வனத்துறையிடமோ பாதுகாப்பு அமைப்பிடமோ முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திறந்த வெளியில், கண்ணுக்கு எதிரே உறங்குபவை மூன்றாவது வகை. பொறிவண்டுகள், பட்டாம்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் எல்லாம் இதில் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். விலங்கு சின்னதாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மிக அழகான உறக்கப் படங்கள் கிடைப்பது இங்கேதான்.

படி 3: உறக்கத்தின் இரண்டு ஓரங்களையும் பிடியுங்கள்

முதல் வகையைப் படமே எடுக்க முடியாதா என்றால், முடியும். உறங்கப் போகும் முன்பும் எழுந்த பின்பும் கதை வெளியேதான் நடக்கிறது.

முன்பு என்றால் தின்னும் காலம். அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் ஆற்றங்கரைப் பழுப்புக் கரடிகள் செப்டம்பரில் வயிறு தரையைத் தொடும் அளவுக்குப் பெருத்திருக்கும். அதே கரடியை ஜூலையிலும் செப்டம்பரிலும் ஒரே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், குளிர்கால உறக்கம் என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். அணில் வாயில் கொட்டையோடு ஓடுவது, மர்மோட் காய்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு வளைக்குள் நுழைவது, இவையும் இந்தப் பருவத்துப் படங்கள்தான். புல் கவ்விய மர்மோட்டுக்கு வளை வாயிலிருந்து நன்றாகத் தள்ளிப் படுத்துக்கொண்டு, நீண்ட லென்ஸோடு காத்திருங்கள். பெரும்பாலும் பழகிய தடத்திலேயே திரும்பத் திரும்ப வரும்.

பின்பு என்றால் எழுந்து வரும் காலம். இதற்கு உலகத்திலேயே பெரிய காட்சி கனடாவின் மானிடோபா மாநிலத்தில், நார்சிஸ் என்ற இடத்தில் நடக்கிறது. சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் குளிர்காலத்தைக் கழித்த கார்ட்டர் பாம்புகள் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை ஆயிரக்கணக்கில் வெளியே வந்து, இணை சேரப் பந்து பந்தாகச் சுருண்டு கிடக்கும். பார்வையாளர்களுக்கென்று பாதையும் மேடையும் இருக்கின்றன. மேகமூட்டமாக இருக்கும் குளிர்ந்த நாளில் போனால் பாம்பு அதிகம் வெளியே வராது. வெயில் அடித்துத் தரை கொஞ்சம் சூடேறிய பிறகு போங்கள். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, அகன்ற கோண லென்ஸில் முன்னால் ஒரு பாம்பின் தலையில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் கூட்டம் முழுவதும் வந்துவிடும்.

மலைப் பகுதிகளில் இமாலய மர்மோட்டும் ஆல்ப்ஸ் மர்மோட்டும் எழுந்து வரும்போது சில இடங்களில் பனி இன்னும் உருகியிருக்காது. பனியைத் துளைத்துக்கொண்டு வந்த இடத்தில் பழுப்பு மண் வெள்ளை மேல் சிதறிக் கிடக்கும். தூரத்திலிருந்தே கண்ணில் படும் அடையாளம் இது. விலங்கு வெளியே இல்லாவிட்டாலும் அந்த மண் கறையே ஒரு படம்.

கரடிகளில் ஆண்கள் முதலில் வெளியே வரும், குட்டி போட்ட தாய்கள் கடைசியில். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், அதாவது 91 மீட்டர், விலகி நிற்க வேண்டும். மற்ற விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 25 கஜம். இது குறைந்தபட்சம். விலங்கு தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

படி 4: வௌவால் குகைக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால்

குளிர்காலக் குகையில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். அசையாமல் தொங்கும் வௌவாலின் ரோமத்தில் நீர்த்துளிகள் படிந்து, விளக்கு பட்டதும் மணிமணியாக மின்னும். இந்த ஒரு படத்துக்காகத்தான் பலரும் குகைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். ஆசை சரிதான், ஆனால் எல்லாவற்றையும் வெளியிலேயே தயார்செய்துகொண்டு போக வேண்டும்.

குகைக்கு வெளியே ஒரு கல்லின் மேல் ஏதாவது சின்னப் பொருளை வைத்து, அதே தூரத்தில், அதே விளக்கில் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் வரும் வெளிச்ச அளவை, சரிபார்த்துவிடுங்கள். பீப் சத்தத்தையும், ஃபோகஸ் செய்ய உதவும் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். சூடாகும் விளக்கு கூடவே கூடாது. மங்கலான எல்இடி போதும், அதையும் படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும். 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைப் பெரிதாக எடுப்பது) இருந்தால் தள்ளி நின்று எடுக்கலாம். வௌவாலுக்கு நேர் கீழே நின்றால் உங்கள் மூச்சுச் சூடும் உடல் சூடும் அதன் மேல்தான் போகும், ஆகவே பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரு வௌவாலை இரண்டு மூன்று தடவை கிளிக் செய்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேச வேண்டியதை வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

கூட்டமாகத் தொங்குவதை விட்டுவிட்டுத் தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனென்றால் ஒன்று விழித்தால் பக்கத்தில் இருப்பதும் விழிக்கும். காது அசைவது, உடல் நடுங்குவது, கால் மாற்றிப் பிடிப்பது, இதில் எதைப் பார்த்தாலும் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் ‘வெள்ளை மூக்கு நோய்’. 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில்தான் இது முதலில் கண்ணில் பட்டது. வௌவாலின் மூக்கிலும் இறக்கையிலும் வளரும் ஒரு பூஞ்சை, குளிர்காலத்தில் அதை அடிக்கடி எழுப்பி எழுப்பிப் பட்டினியில் கொல்கிறது. வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்கள் இதில் போய்விட்டன. பூஞ்சையின் வித்துகள் மனிதரின் பூட்ஸிலும் பையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகும். 55 டிகிரி வெந்நீரில் குறைந்தது 5 நிமிடம் மூழ்கவைத்தால் வித்துகள் சாகும் என்பதால் துணியையும் காலணியையும் அப்படிச் சுத்தம் செய்யலாம். கேமராவை வெந்நீரில் போட முடியாது. ஆகவே ஒரு பகுதியின் குகைக்குள் கொண்டுபோன கேமராவை, நோய் இன்னும் பரவாத வேறு பகுதியின் குகைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

படி 5: உறங்கும் பூச்சிகள்

மேக்ரோ எடுப்பவர்களுக்குக் கோடையில் பெரிய தலைவலி, பூச்சி நிற்காது என்பதுதான். குளிர்காலத்தில் அந்தத் தலைவலியே இல்லை. மரப்பட்டை இடுக்கில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும் பொறிவண்டுக் கூட்டம் உங்களுக்காக நாள்முழுக்க அசையாமல் இருக்கும். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் ஒன்று அல்லது இரண்டு விநாடி என்று தாராளமாக வைக்கலாம். டிரைபாட், ரிமோட் அல்லது செல்ஃப் டைமர், காற்றில்லாத காலை நேரம், இவை போதும்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்து பழக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. முன்னால் இருக்கும் வண்டின் முதுகில் தொடங்கி, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, கடைசி வண்டு வரை ஒவ்வொரு படமாக எடுங்கள். பின்னர் மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்தால், சிவப்பு ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு உறைபனித் துகளும், வண்டின் தலையோரத்து வெள்ளைப் புள்ளியும் கூர்மையாக வரும். ஒளி குறைவு என்றால் ஃபிளாஷுக்குப் பதிலாக ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்தை ஒட்டிய ரெட்வுட் ரீஜனல் பூங்காவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாதையோரச் செடிகளிலும் வேலிக் கம்பங்களிலும் பொறிவண்டுகள் அப்பிக் கிடக்கும். மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைகளில் ஒயாமெல் ஃபிர் மரங்கள் மொனார்க் பட்டாம்பூச்சிகளின் பாரம் தாங்காமல் கிளை தாழ்ந்து நிற்கும். அந்த இடம் 1975 ஜனவரியில்தான் வெளியுலக ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மரங்களை நீண்ட லென்ஸில் எடுங்கள். வெயில் ஏறி அவை பறக்கத் தொடங்கும்போது, மரத்தின் நிழலை இருண்ட பின்னணியாக வைத்து, சூரியனுக்கு எதிராக எடுங்கள். இறக்கைகள் பற்றி எரிவதுபோல் வரும். காலுக்கடியில் பார்த்து நடங்கள். குளிரில் தரையில் விழுந்து கிடப்பவை எல்லாம் செத்தவை அல்ல.

ஐரோப்பியக் கொட்டகைகளிலும் குகை வாயில்களிலும் உறங்கும் மயில் பட்டாம்பூச்சி இறக்கையை மூடிக்கொண்டு கரிக்கட்டை மாதிரி இருக்கும். திடீரென்று இறக்கையை விரித்து அந்தப் பெரிய கண் புள்ளிகளைக் காட்டினால், உங்களை எதிரி என்று நினைத்துப் பயமுறுத்துகிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காகச் சீண்டக் கூடாது.

படி 6: பனியை வெள்ளையாக்குவது

எந்தக் காட்சியைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவின் மீட்டர் முயலும். பனி மூடிய வயலைக் காட்டினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுசெய்து இருட்டாக்கிவிடும். பனி துவைக்காத துணி நிறத்தில் மங்கிக் கிடக்கும். மீட்டர் சொல்லும் வெளிச்ச அளவை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +1 முதல் +2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) கூட்டுவதுதான் மருந்து. சட்டகம் முழுக்கப் பனி என்றால் +2 பக்கம். பாதிக்கு மரமும் பாறையும் இருந்தால் +1 போதும்.

இதைவிட நம்பகமான வழி மேனுவல். வெயில் படும் பனியை, சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, அதைவிட ஒன்றே முக்கால், இரண்டு ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். வெளிச்சம் மாறும் வரை அதைத் தொடாதீர்கள். கறுப்புக் காட்டெருமை வந்தாலும் வெள்ளைப் பனி முயல் வந்தாலும் எக்ஸ்போஷர் ஒன்றுதான். தானியங்கி முறையில் இரண்டுக்கும் இரண்டு விதமாக மீட்டர் குழம்பும்.

கேமராத் திரையை நம்பாதீர்கள். பனிப் பிரகாசத்தில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு வலது பக்கம் சாய்ந்து, சுவரைத் தொடாமல் நின்றால் சரி. வெள்ளை வெளுத்துப்போன இடத்தை மின்னிக் காட்டும் எச்சரிக்கையையும் போட்டுவையுங்கள். பனியின் மணிமணியான அமைப்பு ஒருமுறை வெளுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுப்பது இங்கே கட்டாயம் என்றே சொல்வேன்.

நிறம் இன்னொரு சங்கதி. தெளிந்த வானத்துக்குக் கீழே நிழலில் இருக்கும் பனி உண்மையிலேயே நீலம்தான், ஏனென்றால் அதன் மேல் விழுவது வானத்தின் வெளிச்சம். அதை முழுக்கத் துடைத்தெடுத்தால் குளிரே இல்லாத படம் ஆகிவிடும். வெயில் பட்ட இடம் லேசான வெதுவெதுப்பு, நிழல் நீலம், இந்த இரண்டும் ஒரே படத்தில் இருப்பதுதான் குளிர்காலம். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல்வெளிச்ச அளவில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

பனி பெய்துகொண்டிருக்கும்போது ஷட்டர் வேகம்தான் படத்தின் மனநிலையைத் தீர்மானிக்கும். 1/500-க்கு மேல் போனால் துகள்கள் புள்ளிகளாக நிற்கும். 1/30 பக்கம் இறங்கினால் கோடுகளாக விழும். கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் பக்கத்துத் துகள்களை வெள்ளை வட்டங்களாக்கிக் காட்சியைக் கெடுத்துவிடும். தானியங்கி ஃபோகஸும் முன்னால் விழும் துகளைப் பிடிக்கப் பார்க்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள், லென்ஸில் தூர வரம்பு வைக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் போடுங்கள்.

படி 7: அமைதியான காட்சிகள்

பனி, நிலத்தில் இருக்கும் தேவையில்லாத எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மிஞ்சும் ஒரு மரம், ஒரு வேலி, ஒரு கொக்கு, இவற்றை எங்கே வைப்பது என்பதுதான் நம் வேலை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் மைக்கேல் கென்னா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால், சட்டகத்தில் எவ்வளவு இடத்தை வெறுமையாக விடலாம் என்ற பயம் விட்டுப்போகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பிந்தைய காலைதான் உறைபனிக்கு. புல்லிலும் சிலந்தி வலையிலும் படிந்த பனி ஊசிகள் வெயில் பட்டதும் உதிரத் தொடங்கும். அதற்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும். உறையாமல் ஓடும் ஆறு இருந்தால் இன்னும் நல்லது. கடும் குளிரில் அதிலிருந்து ஆவி எழுந்து கரையோர மரங்களில் உறைந்து வெள்ளையாக அப்பிக்கொள்ளும். ஹொக்கைடோவின் குஷிரோ பகுதியில் செந்தலைக் கொக்குகள் ஆற்றுக்குள் நின்றபடி இரவைக் கழிப்பதை, விடியலில் பாலத்தின் மேல் நின்று எடுக்கக் கூட்டம் கூடுவது இதற்காகத்தான்.

தடங்களை மறக்க வேண்டாம். விலங்கு உறங்கினாலும் உறங்காதவை ராத்திரி முழுக்க நடந்திருக்கும். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும், ஆகவே தடத்தில் பெரிய குழிகள்தான் முன்னால் இருக்கும். நரி ஏறக்குறைய ஒரே கோட்டில் நடந்து போயிருக்கும். நண்பகலில் இந்தத் தடம் கண்ணுக்கே தெரியாது. சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது, வெளிச்சத்துக்குக் குறுக்காக நின்று, தாழ்வாக எடுத்தால் ஒவ்வொரு விரலும் நிழலோடு எழும்பி வரும். முதலில் படம், பிறகு நடை. உங்கள் காலடி விழுந்த பனியைத் திரும்ப மூட முடியாது.

பொறுமை இருந்தால் பனித்துகளையே எடுக்கலாம். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி 1885 ஜனவரி 15 அன்று முதல் பனிப்படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்துச் சேர்த்தார். நமக்கு ஒரு மேக்ரோ லென்ஸும், வெளியிலேயே வைத்துக் குளிரவைத்த ஒரு கறுப்புக் கம்பளித் துணியும் போதும். கிளை விரித்த நட்சத்திர வடிவங்கள் மேகத்தில் வெப்பம் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இருக்கும்போது நன்றாக உருவாகும். துணியில் விழுந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள். ஒரு மூச்சுக்காற்று பட்டால் படிகம் துளியாகிவிடும்.

படி 8: குளிரில் கேமராவும் நீங்களும்

பேட்டரிதான் முதலில் கைவிடும். மைனஸ் 20-இல் அதன் திறன் பாதியாகக் குறையலாம். மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். செத்துப்போனதாகக் காட்டியதைச் சூடேற்றினால் கொஞ்சம் உயிர் வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சூடான காரிலிருந்து நீண்ட லென்ஸை வெளியே எடுத்தவுடன் எடுக்கும் படங்கள் ஏனோ கூர்மையாகவே வராது. லென்ஸ் ஹூடுக்குள் இருக்கும் வெப்பக் காற்று வெளிக்குளிரோடு கலந்து அலைவதுதான் காரணம். லென்ஸ் குளிரும் வரை காத்திருங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பதானால் ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் உள்ளும் புறமும் நீர் படியும். வெளியிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி உள்ளே கொண்டுபோங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். கேமரா அறை வெப்பத்துக்கு வரும் வரை, ஒன்றிரண்டு மணி நேரம், திறக்காதீர்கள். கார்டை முதலிலேயே எடுத்துவிட்டதால் படங்களைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

கைக்கு உள்ளே மெல்லிய கையுறை, வெளியே தடித்தது. உறைந்த ஏரியின் மேல் நடப்பதானால் தெளிந்த, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும்; வெண்மையாக இருக்கும் கட்டிக்கு அதில் ஏறக்குறைய பாதி பலம்தான் இருக்கும், ஓடும் நீரின் மேல் எந்தத் தடிமனையும் நம்ப வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விரல் நுனி மரத்து வெளுத்தால் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது.

படி 9: வெளியிடும் முன்

எடிட்டிங்கில் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பனியின் அமைப்பு மறையாத அளவுக்கு. நீலத்தை நிழலில் மட்டும் லேசாகக் குறையுங்கள். கூர்மையை ஏற்றிக்கொண்டே போனால் பனி உப்பு கொட்டியதுபோல் ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது இடத் தகவல். செல்பேசியும் பல கேமராக்களும் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் எண்களைப் பதிந்துவிடும். வௌவால் குகை, கரடிப் பதுங்குகுழி, பாம்புகள் கூடும் பாறை இடுக்கு, இவற்றின் படத்தை வெளியிடும் முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் மலைச் சிகரமோ பெயர்ப்பலகையோ இருந்தாலும் சட்டகத்தைக் குறுக்கிவிடுங்கள். பொதுமக்கள் வரும் பூங்கா என்றால் இந்தக் கவலை இல்லை.

குறிப்பில் உண்மையை எழுதுங்கள். உயிரியல் பூங்காவிலோ மீட்பு மையத்திலோ எடுத்திருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள். மூடிய கண்ணோடு சுருண்டிருக்கும் முள்ளெலிப் படத்தைக் காட்டில் கண்டதுபோல் போட்டால், அதைப் பார்த்த யாராவது சருகுக் குவியலைக் கிளறப் போவார்கள். உரிமம் பெற்றவரோடு போயிருந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். நடுக்குளிர்காலத்தில் பகலில் முள்ளெலி தள்ளாடித் திரிவதைப் பார்த்தால் அது பெரும்பாலும் உடம்பு சரியில்லாதது. படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அருகிலுள்ள வனவிலங்கு மீட்பு மையத்துக்கு ஃபோன் செய்யுங்கள்.